நீலத்துக்கு ஆரஞ்சு

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று சொன்னவர் என் பியூட்டி பார்லருக்கு ஒருமுறைகூட வந்திருக்க மாட்டார். வந்திருந்தால் அரை மணி நேரத்தில் அந்தப் பழமொழியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வைத்திருப்பேன். பதினாறு வருடத் தொழில். விடிய விடிய அழுத கல்யாணப் பெண்ணை, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி நாற்காலியிலிருந்து இறக்கி அனுப்பியிருக்கிறேன். கைராசிக்காரி என்று பெயர். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அக்காவும் ஒரு வகையில் இதே தொழில்தான் செய்தாள். பெரிய துணிக்கடையில், இரண்டாவது மாடியில், கவுண்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம். அங்கே விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி கிடையாது. ஆளில்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, அலமாரியில் சாயக் கூடாது. கொட்டாவி வந்தால் துணி எடுப்பதுபோலக் குனிந்து விட்டுக்கொள்ள வேண்டும். அக்காவின் முதுகு நேராக நிற்கிற அழகைப் பார்த்துக் கடையில் அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவளிடம் இரண்டு சிரிப்பு உண்டு. ஒன்று கவுண்டர் சிரிப்பு: உதடு மட்டும் அளவாக விரியும். இன்னொன்று வீட்டுச் சிரிப்பு. ஈறு தெரியும், கண் இடுங்கும், பார்க்கச் சகிக்காது. "அந்தச் சிரிப்பைக் கடையில சிரிச்சிடாத, வந்தவங்க ஓடிடுவாங்க" என்பேன். "அது உனக்கு மட்டும்தான்டி" என்பாள்.

அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கவுண்டரில் நின்றுதான் என்னை இந்தத் தொழில் படிக்க வைத்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, ஒரே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தேன். "ஏன் வந்த" என்று அவள் கேட்கவே இல்லை. பார்லருக்கு மேலே இரண்டு அறை, எங்கள் இருவருக்கும் அது தாராளம்.

தினமும் காலை ஏழரைக்கு, பார்லர் திறப்பதற்கு முன், அக்கா என் நாற்காலியில் வந்து உட்காருவாள். பத்து நிமிடத்தில் முகத்தைச் சரிசெய்து அனுப்புவேன். நாள் முழுவதிலும் அவள் நிம்மதியாக உட்காருவது அந்தப் பத்து நிமிடம்தான். எனக்கும் அதில் ஆதாயம் இருந்தது. "உங்க மேக்கப் ரொம்ப நல்லாருக்கே" என்று எந்தக் கல்யாணப் பெண்ணாவது கேட்டால் போதும், "என் தங்கச்சி கைவேலைங்க" என்று என் விசிட்டிங் கார்டை நீட்டுவாள். அவள் முகம்தான் என் கடைக்குப் பெயர்ப்பலகை.

போன மழைக்காலத்தில் அவள் எங்கள் வீட்டு மாடிப்படியின் நடுவில் நிற்க ஆரம்பித்தாள். மொத்தம் பதினேழு படி. எட்டாவது படியில் நின்று பையில் சாவி தேடுவாள். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். ஞாபகமறதி வந்துவிட்டது என்று கிண்டல் செய்தேன். சாவி அவள் கையிலேயே இருந்தது. அதையும் பார்த்தேன். பழையதில் கால் நுழையவில்லை என்று செருப்பை ஒரு அளவு பெரிதாக மாற்றினாள். அதையும்தான் பார்த்தேன்.

அப்போதுதான் கடையில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை வந்தது. அதன் பெயர்தான் பரிசோதனை, கடைப் பெண்களுக்கு அது பரீட்சை. போன வருடம் குழந்தைத் துணிப் பிரிவிலிருந்த ஒருத்திக்கு 'ஓய்வு தேவை' என்று டாக்டர் எழுதினார். மறுநாளே அவளைக் கீழே கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

பரிசோதனை அன்று காலை அக்கா வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சுற்றியிருந்த விளக்குகளைப் போட்டேன். அவள் உதடு நீலமாக இருந்தது. கறுப்பு இல்லை, வெளுப்பு இல்லை. பேனா மையைத் தொட்டுத் துடைத்ததுபோல நீலம். நகங்களுக்கு அடியிலும் அதே நிறம்.

"என்னக்கா உதடு இப்படி இருக்கு?"

"பச்சைத்தண்ணில குளிச்சேன். குளுருது."

"வெந்நீர் வச்சுக் குடுத்ததே நான்தானே?"

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "இன்னைக்கு ஒரு நாளைக்குச் சரி பண்ணி விடுடி. செக்கப் முடியட்டும். அப்புறம் நல்ல டாக்டரா பாத்துக் காட்டிக்கலாம்."

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் அதை அடக்குகிற நிறம் ஒன்று இருக்கிறது. சிவந்த பருவுக்குப் பச்சை. மஞ்சளுக்கு ஊதா. நீலத்துக்கு ஆரஞ்சு. அடியில் மெல்லிசாகத் தடவி, மேலே தோல் நிறத்தைப் பூசினால் நீலம் இருந்த இடம் தெரியாது. என் கை தானாகவே ஆரஞ்சு டப்பாவை எடுத்தது. என் கூடப் பிறந்தவளின் உடம்பு நீலமாகிக்கொண்டிருக்கிறது, நான் அதற்கு எதிர் நிறம் தேடுகிறேன். உலகத்தில் வேறு எந்தத் தங்கைக்கு இப்படி ஒரு புத்தி வரும்?

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த மாதம் மூன்று கல்யாணப் பெண்கள் அவள் சொல்லித்தான் என்னிடம் பதிவு செய்திருந்தார்கள். அதை நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நினைக்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

நகத்துக்கு அடர்சிவப்பு போட்டேன். பாடமும் நடத்தினேன். "டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி படி ஏறாத. அஞ்சு நிமிஷம் சும்மா நில்லு. மூக்கால மூச்சு விடு. சின்னச் சின்னதா பதில் சொல்லு, நீட்டிப் பேசாத."

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். டாக்டர் கையில் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாராம். அவளுக்குப் பின்னால் முப்பது பேர் வரிசை. அவள் முகத்தைப் பார்த்தவர், ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாராம்.

"'உங்களுக்கென்னம்மா, முகமே சொல்லுதே'ன்னார்டி. மேனேஜர் பக்கத்துல நின்னு, 'எங்க கடை மகாராணி சார்'ங்கறாரு. உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு."

ஈறு தெரியச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

நல்ல டாக்டரைப் பார்ப்பது தள்ளிக்கொண்டே போனது. ஒரு வாரம் கடையில் கூட்டம், மறுவாரம் எனக்குக் கல்யாண வேலை. ஆனால் காலை ஏழரை மட்டும் தள்ளிப்போகவில்லை. தினமும் ஆரஞ்சு, நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதலாக. ஒரு டப்பா தீர்ந்து இன்னொன்று வாங்கினேன்.

இருபத்தாறாவது நாள் கவுண்டரிலேயே விழுந்தாள். விழும்போதுகூடக் கையிலிருந்த துணியை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் விழுந்தாளாம். மேனேஜர் அதைப் பாராட்டாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையில் பஞ்சைக் கொடுத்து, "இந்தப் பூச்சையெல்லாம் துடைங்க, நிறம் பாக்கணும்" என்றாள். துடைத்தேன். முதலில் தோல் நிறம் வந்தது, பிறகு ஆரஞ்சு, பிறகு அக்கா. பெண் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார்.

"இந்த நீலம் நேத்து வந்ததில்ல. ஒரு மாசமாவது இருந்திருக்கும். வீட்ல யாருமே கவனிக்கலையா?"

பத்தடி தூரத்திலிருந்து ஒரு கரும்புள்ளியைக் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. "இல்ல டாக்டர், வெளிய ஒண்ணும் தெரியல" என்றேன்.

இதய வால்வில் கோளாறு. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அறுவை சிகிச்சை செய்திருக்கலாம், இப்போது அதை இதயம் தாங்காது என்றார்கள். மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடி ஏற முடியாததால் பார்லர் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போட்டேன். அக்கா ஒருவழியாக நாள் முழுக்க உட்கார்ந்தாள். மேனேஜர் பார்க்க வருகிறார் என்றதும், "கொஞ்சம் பூசி விடேன்" என்றாள். பூசினேன். பூசி மெழுகுவதைத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு?

ஒரு மதியம், கடைசி ஆளும் போன பிறகு, அக்கா கேட்டாள்.

"ஏண்டி, அந்தச் செக்கப் அன்னைக்கு என் உதட்டைப் பாத்தியே. ஏதோ பெரிசா இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவள் என்னைத் திட்டக்கூட மாட்டாள். பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்காதவள். கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம், இரண்டு பேருக்கும் நெஞ்சு லேசாகியிருக்கும். ஆனால் அவள் கண்ணில் நான் நல்ல தங்கையாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாகக் கிடக்கிறவளிடம்கூட எனக்கு என் முகம்தான் பெரிதாக இருந்தது.

"குளுருன்னு சொன்னியேக்கா. அதான்னு நெனச்சுட்டேன்."

அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "அதானே. தெரிஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உதடு மட்டும் அளவாக விரிந்தது. ஈறு தெரியவில்லை.

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன். அதற்குப் பிறகு அக்கா ஒன்பது நாள் இருந்தாள். ஒன்பது நாளும் என்னைப் பார்த்து அந்தக் கவுண்டர் சிரிப்பையே சிரித்தாள்.