சாவ் மாமாவின் மரணம் குறித்துச் சில திருத்தங்கள்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. எங்கள் சந்தில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் டியெப், ஒரு மத்தியானம் ஐஸ் போட்ட காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னது. "எழுதுங்கண்ணா, ஆனா என் பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றினேன். முதல் வரைவில் அவள் பெயர் ஙா. தமிழில் சும்மா கிடக்கும் 'ங'வுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று எனக்கு மகிழ்ச்சி. "ஐயையோ, அது என் நாத்தனார் பேரு. என் கதையை அவளுக்குத் தூக்கிக் குடுப்பீங்களா?" என்று சண்டைக்கு வந்தாள். மறுபடியும் டியெப் ஆக்கினேன்.

தொடக்கம்தான் படாத பாடு படுத்தியது.

*சைகோன் தெருக்களில் மோட்டார் சைக்கிள்கள் ஒரு நதியைப் போல*

(நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் இந்த நதியைத்தான் எழுதுகிறார்கள். இங்கேயே கிடக்கும் எனக்குப் புகைதான் தெரிகிறது.)

*இறந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு மழை மாலையில், நனைந்த பனியனோடு சாவ் மாமா தன் மனைவியின் கடைக்குச் சாப்பிட வந்தார்.*

(இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமா இறக்கவில்லை. பேய்க்கதை என்று நம்பி யாராவது விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும். முறையாகவே சொல்லிவிடுகிறேன்.)

2

டியெப்புக்கு வேலை, வெளிநாட்டவரைச் சாயங்காலத்தில் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைப்பது. ஒரு சுற்றுலா நிறுவனம் ஆட்களை அனுப்பும். நான்காம் வட்டாரத்துப் பாலத்தடியில் அவர்களை வரவேற்பாள். முதலில் சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுப்பாள்: "ஓடாதீர்கள், நிற்காதீர்கள், கண்ணை மூடாதீர்கள்." எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, நடுவில் நிற்பார்கள். அவர்களை இழுத்துக்கொண்டுபோய் முதலில் நத்தைக் கடையில் உட்கார வைப்பாள். அங்கே பாதிப் பேர் படம் மட்டும் எடுப்பார்கள். அடுத்தது இறால் வைத்த மஞ்சள் தோசை. அதற்கப்புறம் சாவ் அத்தையின் தள்ளுவண்டியில் ஹூ தியூ, அதாவது பன்றியெலும்புச் சாற்றில் மிதக்கும் அரிசி நூடுல்ஸ். கடைசியில் ஏதாவது இனிப்பு.

(குறிப்பு: இந்தக் கதையில் ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் புத்தகத் தமிழில் பேசுவார்கள். வியட்நாமியர் நம்மைப்போலப் பேசுவார்கள்.)

(இன்னொரு குறிப்பு: சாவ் என்றால் ஆறு. பிறந்த வரிசைப்படி கூப்பிடுவது தெற்கத்தி வழக்கம். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரில் ஒரு கெட்ட சகுனம் கேட்கும் என்பது தெரியும். என்ன செய்ய, அவருக்குப் பெயர் வைத்தபோது என்னை யாரும் கலந்துகொள்ளவில்லை.)

சாவ் அத்தை லேசுப்பட்டவரில்லை. கைக்குழந்தையோடு டியெப் தனியாளாக இந்தச் சந்துக்கு வந்த நாட்களில், கேட்காமலே கிண்ணத்தை நீட்டியவர். "அழறதா இருந்தா சாப்டுட்டு அழு. சூப்பு ஆறிடும்" என்று சொன்னவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற சாவ் மாமாவோ, சாயங்காலம் ஆனால் முடிவெட்டுகிறவர் கடை மரத்தடிக்குப் போய்ச் சதுரங்கம் ஆடுவார். அவர் பங்குக் கிண்ணத்தை அத்தை எடுத்து வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்திருப்பார். ஆட்டம் தோற்றால் சீக்கிரம் வருவார். ஜெயித்தால் சூப் ஆறின பிறகுதான்.

3

இப்போது மாமா எப்படிச் செத்தார் என்று சொல்ல வேண்டும்.

டியெப் வேலைக்குச் சேர்ந்த புதிது. கூட்டம் மந்தமாக இருந்தது. எல்லாரும் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும், "அந்த மூடி வைத்த கிண்ணம் யாருக்கு?" என்று கேட்டார். "அவருடைய கணவருக்கு. அவர் இப்போது இங்கே இல்லை" என்று சொல்ல நினைத்தாள் டியெப். அவசரத்தில் 'இப்போது இங்கே' விட்டுப்போனது. "அவருடைய கணவருக்கு. அவர் இல்லை" என்பதுதான் வெளியே வந்தது.

கைபேசிகள் கீழே இறங்கின. அந்தப் பெண்மணி எழுந்துபோய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் கிண்ணத்தைக் காலி செய்தார்கள். சிலர் இன்னொன்று வாங்கினார்கள்.

திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மறுவாரம் கதையில் ஒரு படகு சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் புயல் வந்தது. "திரும்பி வருவார் என்று இன்றும் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறார்" என்று டியெப் குரலைத் தாழ்த்தும் இடத்தில், கல் நெஞ்சக்காரனும் மூக்கைச் சிந்தினான். சுற்றுலா நிறுவனம் விளம்பரத்திலேயே போட்டுவிட்டது: 'விதவையின் கிண்ணம்'. டியெப்புக்கு வாரம் முழுக்க வேலை கிடைத்தது.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. வெள்ளைக்காரர்கள் தன் சூப்பைக் குடித்துக் கண்கலங்குவதைப் பார்த்து முதலில், "ஏண்டி, மிளகாய் தூக்கலா இருக்கா?" என்று பதறினார். "இல்லத்தை, மனசு நெகிழ்ந்து போச்சாம்" என்றாள் டியெப். சுவை இன்னும் கூடட்டும் என்று அத்தை அன்றிலிருந்து சூப்பில் வெள்ளை முள்ளங்கியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட ஆரம்பித்தார்.

4

அந்த மாலை வந்தவர்களில் இருவரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் ரூடி, ஜெர்மனியில் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். (ரூடி மீது எனக்குச் சந்தேகம் உண்டு. டியெப் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் ஒரு சாண் வளர்கிறார். கடைசியாகச் சொன்னபோது தலை மின்கம்பியில் இடித்தது. நான் அவரை ஆறடிக்குள் வெட்டி நிறுத்தியிருக்கிறேன்.) இன்னொருத்தி தாம் என்பவள். மெல்போர்னிலிருந்து வந்திருந்த அமைதியான பெண். நத்தையை மட்டும் ஊக்கால் லாவகமாக இழுத்துத் தின்றாள். அதைப் பார்த்தே டியெப் உஷாராகியிருக்க வேண்டும்.

"அன்றும் இப்படித்தான் வானம் இருட்டியது…" என்று டியெப் தொடங்கவும், நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை தடதடத்தது. ரூடிக்குக் கண் நிறைந்துவிட்டது. இயற்கையே ஒத்தாசை செய்கிறது என்று டியெப் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

மழை வந்தால் மரத்தடியில் சதுரங்கம் கலையும் என்பதை மறந்துபோனாள்.

தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, பனியன் உடம்போடு ஒட்ட, மாமா வந்தார். ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டார். தட்டைத் தூக்கினார். எலுமிச்சையைப் பிழிந்து, நூடுல்ஸை வாயில் வைத்தார்.

ரூடி எழுந்தார். குட்டி ஸ்டூல் அவரோடு சேர்ந்து எழுந்தது. அதைக் கழற்றக்கூட நேரமில்லாமல் போய் மாமாவின் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "ஐயா, தயவுசெய்து. இது உங்களுடையது அல்ல."

"யாருடி இவன்? என் கிண்ணத்தை ஏன் பிடுங்கறான்?"

"நல்லா வேணும்யா உனக்கு" என்றார் அத்தை, கரண்டியை ஆட்டி. "நேரத்துக்கு வந்திருந்தா இந்நேரம் தின்னு முடிச்சிருப்ப."

இருவரும் கிண்ணத்தை இழுத்தார்கள். சூப் தளும்பியது. "யார் இந்த மனிதர்?" என்று ரூடி டியெப்பைப் பார்த்துக் கேட்டார்.

"இவர்… இறந்தவரின் தம்பி" என்றாள் டியெப்.

ரூடியின் முகம் மெழுகாக உருகியது. கிண்ணத்தை மரியாதையாகத் திருப்பி வைத்தார். பிறகு மாமாவை ஈரத்தோடு அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். "உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன்."

"ஏ டியெப்!" அணைப்புக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "இவன் குடிச்சிருக்கானா? எடுத்து விடுடி!"

இத்தோடு முடிந்திருந்தால் டியெப் பிழைத்திருப்பாள். ஆனால் தாம் எழுந்து அத்தையிடம் போனாள். அவளுக்கு வியட்நாமியம் தெரியும். நாலு வயதில் இந்த ஊரைவிட்டுப் போனவள். பேச்சும் அந்த வயதிலேயே நின்றிருந்தது.

"பெரீம்மா, மாமா சாமிகிட்ட போயிட்டாரா?"

"எந்த மாமா கண்ணு?"

"உங்க மாமா. படகுல போனவரு. டாட்டா சொல்லாம போயிட்டாராமே."

அத்தை கரண்டியைப் பானையில் விட்டார். "எனக்கு வாய்ச்சது ஒருத்தன்தாம்மா. அதோ, வாயில நூடுல்ஸ் தொங்க முழிக்கிறானே, அவன்தான்."

எல்லாரும் டியெப்பைப் பார்த்தார்கள்.

"நான் செத்துட்டேனா?" என்றார் மாமா.

டியெப் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு மாமா."

"எப்படி?"

"படகுல. புயல் அடிச்சு."

"படகா!" மாமா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் கிரேன் ஓட்டினவன்டி! படகுல கால வெச்சாலே எனக்கு வாந்தி. கல்யாணமான புதுசுல வுங் தாவ் கடற்கரைக்குப் போறப்போ, இவளைப் படகுல ஏத்தி அனுப்பிட்டு நான் பஸ்ல போனவன். சாகடிக்கறதுதான் சாகடிக்கற, நாலு பேரை விசாரிச்சுட்டுச் சாகடிக்கக் கூடாது?"

அத்தை சிரிக்கவில்லை. டியெப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவங்கள்லாம் என் கையைப் பிடிச்சது…" என்றார். "சூப்புக்காக இல்லையா?"

இதை என்னிடம் சொல்லும்போது டியெப் காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். மாமா கத்தியது அவளுக்கு உறைக்கவே இல்லையாம். இந்த ஒரு கேள்விதான்.

5

*அந்தக் கணத்தில் டியெப் உணர்ந்தாள், பொய் என்பது*

(வேண்டாம். அவள் எதையும் உணர்ந்ததாகச் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்தாள் என்று மட்டும் சொன்னாள்.)

விருந்தினர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். இவர்தான் கணவர். புயல் இல்லை, படகு இல்லை. சதுரங்கம் ஆடிவிட்டுத் தாமதமாக வருகிறவர். தாம் அதை அத்தைக்கு மழலையில் மொழிபெயர்த்தாள்: "இந்த அக்கா பொய் சொல்லுச்சாம். இப்போ சாரி சொல்லுது."

"அப்படியானால் நான் யாருக்காக அழுதேன்?" என்று ரூடி கேட்டார். அது எனக்கும் தெரியாது. ஸ்டூலை ஒருவழியாகக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன சூப்பை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு அத்தையைப் பார்த்துத் தலையசைத்து, இன்னொரு கிண்ணம் கேட்டார்.

(இது நடந்ததா? டியெப் சத்தியம் செய்கிறாள். ஏற்கெனவே ஒரு ஆளைக் கடலில் மூழ்கடித்தவள், இன்னொரு ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப் குடிக்கக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? இருந்தாலும் விட்டுவைக்கிறேன். அத்தைக்கு அன்று அது வேண்டியிருந்திருக்கும்.)

6

மாமா மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போய், உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்று சொன்ன தோஷம் கழிய ஒரு கட்டு ஊதுவத்தி கொளுத்தினார். அத்தை டியெப்போடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். டியெப் கூட்டத்தைக் கூட்டிவந்தால் பரிமாறுவார். முகத்தைப் பார்க்க மாட்டார்.

டியெப் இப்போது உண்மையைச் சொன்னாள். "இது கணவருடைய கிண்ணம். அவர் சதுரங்கம் ஆடப் போயிருக்கிறார்." விருந்தினர்கள், "ஓ, அருமை" என்றார்கள். கைபேசியை எடுத்தார்கள். நூடுல்ஸ் பாதியில் நின்றது.

மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. புகார்கள் வருகின்றனவாம், விதவையைக் காணவில்லையாம். திங்கட்கிழமை புகைப்படக்காரரோடு அவரே வருகிறாராம். "பழைய கதையையே சொல்லு டியெப். நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் டியெப் அத்தையிடம் போய், வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காயத்தாளை நறுக்க ஆரம்பித்தாள். அத்தை தடுக்கவில்லை. மாமா பின்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மேலாளர் சொன்னதை டியெப் அப்படியே சொன்னாள். "வேண்டாம்னா வேலையை விட்டுடறேன் அத்தை. நீங்க சொல்றதுதான்."

அத்தை சூப்பின் மேல் நுரையை வழித்துப் போட்டார். "கதை சொல்லணும்னா சொல்லு. ஆனா இந்தத் தடவை நான் சாகறேன்."

"அத்தை!"

"ஏன், அவரு மட்டும்தான் சாகணுமா? நான் செத்துட்டேன். இவரு எனக்காகத் தினமும் ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிட்டு உக்காந்திருக்காரு. அந்த அழகை நானும் கண்ணால பாக்கணும்."

மாமா பூண்டு உரிப்பதை நிறுத்தினார். "எனக்குச் சூப்பு வெக்கத் தெரியாதே" என்றார், மெதுவாக.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் டியெப் மேலாளரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லி வேலையை இழக்கிறாள். "உங்களுக்கென்னண்ணா, எழுதிட்டுப் போயிடுவீங்க. என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நீங்களா கட்டுவீங்க?" என்றாள். கிழித்தேன்.

இரண்டாவதில் மாமா மறுபடியும் இறக்கிறார், இந்த முறை கிரேனிலிருந்து விழுந்து. அவரிடமே படித்துக் காட்டினேன். தொழில்நுட்பம் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, "வேணாம் தம்பி, ஊதுவத்தி கட்டுப்படியாகாது" என்றார்.

மூன்றாவதில் அத்தை இறக்கிறார். மரத்தடியில் மாமாவின் இடத்தில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடிக்கொண்டே, தனக்கான துக்கம் எப்படிப் போகிறது என்று தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கவனிக்கிறார். இதை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. முடிக்கவும் வரவில்லை. புகைப்படக்காரர் முன்னால் மாமா என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியவில்லை; அவருக்கும் தெரிந்திருக்காது.

இன்று ஞாயிறு. நாளைக்கு நான் வேண்டுமென்றே தாலாத் மலையூருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிடப் போகிறேன். இங்கே இருந்து பார்த்துவிட்டால், நடந்ததை எழுதியாக வேண்டும். நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள், மேலாளருக்குப் பின்னால் ஸ்டூல் காலியாகத்தான் இருக்கும். அங்கே டியெப் என்ன சொல்கிறாளோ, அல்லது அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதுவே முடிவு.

எனக்குத் தெரிந்தது நேற்று மாலைவரைதான். மாமா சதுரங்கத்துக்குப் போகவில்லை. அத்தையின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பானைக்கு முன்னால் நின்றிருந்தார். அத்தை காலை நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"உப்பு எப்போ போடறது?" என்று கேட்டார் மாமா.

"செத்தவகிட்ட எதையாவது கேப்பாங்களா?" என்றார் அத்தை.

மாமா கரண்டியோடு நின்றார். ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தார். மறுபடியும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.