இருபதுக்குள் வராத பாட்டு

ஆதிமூலம் பழைய குழாய் ஸ்பீக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டியதும், அதன் வயிற்றுக்குள் ஒரு வாரமாகச் சேர்ந்து கிடந்த சீட்டுகளெல்லாம் பாயின்மேல் சரிந்து விழுந்தன. எல்லாமே போன ஆண்டின் நாள்காட்டித் தாள்கள். ஒருபுறம் கழிந்துபோன ஒரு நாள். மறுபுறம் யாரோ ஒருவருக்கு உலகத்திலேயே மிகச் சிறந்தவையாகத் தோன்றிய ஐந்து பாட்டுகள். பாக்யராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை மடியில் விரித்தான்.

ஒதியம்பட்டு இளைஞர் மன்றத்தில் நாற்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் இப்போது எவரும் இல்லை. ஆயினும் பெயர்ப்பலகையை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. காணும் பொங்கலன்று பிற்பகல், ‘எல்லாக் காலத்துக்குமான இருபது பாட்டுகள்’ என்று மன்றத்தின் வாசலில் நாற்காலி போட்டு, இருபதாவது பாட்டில் தொடங்கி முதலாவதுவரை ஒலிபரப்புவது ஒன்பது ஆண்டுகளாக அவர்களுடைய வழக்கம். சீட்டில் முதலில் எழுதிய பாட்டுக்கு ஐந்து மார்க்கு. கடைசிப் பாட்டுக்கு ஒன்று. பெயர் எழுத வேண்டியதில்லை. பிரிட்டோ சீட்டைப் படிப்பான். பாக்யராஜ் எழுதிக் கூட்டுவான். ஒலிபெருக்கி செட்டுக்குச் சொந்தக்காரரான ஆதிமூலம் சும்மா உட்கார்ந்து சண்டை பிடிப்பார். பாக்யராஜுக்கு வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. கையில் செம்புக்கம்பியும் காதில் பாட்டுமாகவே அவன் வாழ்நாள் கழிந்துகொண்டிருந்தது. எந்தப் படம், எந்த ஆண்டு, யார் பாடியது என்று எவர் கேட்டாலும் சுற்றுகிற கையை நிறுத்தாமலே சொல்லுவான். ஊரில் அவனுக்கு இருந்த மதிப்பு அது ஒன்றுதான். அதை அவனும் அறிந்திருந்தான்.

“இன்னாடா ஊரு இது?” என்றான் பிரிட்டோ. “எல்லாக் காலத்துக்கும்னு போர்டு எழுதி வெச்சிக்கிறோம். போன தீவாளிக்கு வந்த குத்துப் பாட்டுக்குப் பதினோரு பேரு மொத எடம் குடுத்துக்கிறான்.”

“ஜனம் எழுந்து ஆடுதில்ல, அதுக்கு மார்க்கு கெடையாதா?” என்றார் ஆதிமூலம். “உங்க படகுப் பாட்டப் போட்டா பாதிப் பேரு டீ குடிக்கப் பூடறான். செட்டு போடுறவன் நானு, எனக்குத் தெரியும்.”

“ஆடறது காலோட வேல அண்ணே. அம்பது வருசம் கழிச்சும் நிக்குதான்னு பாக்கணும்” என்றான் பாக்யராஜ்.

“அம்பது வருசம் கழிச்சு நீயே நிக்க மாட்ட. உன் பாட்டு நின்னா இன்னா, படுத்தா இன்னா?” என்று பிரிட்டோ சிரித்தான்.

பாக்யராஜும் சிரித்தான். படகுப் பாட்டு ஒன்பதில் ஏழு முறை முதலிடம் பெற்றது. நிலவொளியில் ஓர் ஓடம் கரையை விட்டு விலகும் அந்தப் பாட்டைத் தானே கட்டி இறக்கியதைப் போன்ற பெருமிதம் அவனுக்கு உண்டு. மணமான நாள்முதல், ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் போய் வந்து குழம்பு கொதிக்கிற நேரத்தில், மனைவி விஜயராணிக்கு அதைப் போட்டுக் காட்டுவான். வயலின் நுழைகிற இடம், பாடகர் மூச்சை மறைக்கிற இடம், எல்லாவற்றையும் விரலால் சுட்டுவான். அது தங்கள் இருவருக்குமான பாட்டு என்பதில் அவனுக்கு ஐயம் எழுந்ததே இல்லை.

“மொதல் பாட்டு…” என்று அடுத்த சீட்டை எடுத்த பிரிட்டோ புருவத்தைச் சுருக்கினான். “நாவல்மரப் பாட்டாம். இது எந்தப் படம்டா?”

பதினோரு நாள் மட்டுமே ஓடித் தியேட்டரிலிருந்து தூக்கப்பட்ட ஒரு படத்தில், நாவல்மரத்தடியில் ஒருத்தி யாருக்காகவோ காத்திருந்து பாடுவது. நீளமான புல்லாங்குழல். மிகச் சாதாரணமான மெட்டு. அதைச் சொல்லுவதற்காகவே பாக்யராஜ் சீட்டைக் கையில் வாங்கினான், வாங்கியவன் சொல்லவில்லை. அது விஜயராணியின் கையெழுத்து. மளிகைச் சாமான் எழுதுகிற அதே கை. ஒவ்வொரு வரியின் கீழும் ஒரு கோடு. ‘எனக்கு இன்னா பாட்டு தெரியும்’ என்று ஒன்பது ஆண்டுகள் சீட்டே போடாமல் இருந்தவள் இந்த ஆண்டு போட்டிருக்கிறாள். அவன் ஐந்து வரிகளையும் படித்தான். மீண்டும் ஒருமுறை கீழிருந்து மேலாகப் படித்தான். படகுப் பாட்டு ஐந்தாவதாகக்கூட இல்லை.

“மார்க்கப் போடுப்பா” என்றான் பிரிட்டோ.

போட்டான். அதன் பின்னும் இரண்டு மூன்று சீட்டுகளில் நடுவரிகளில் அந்தப் பாட்டு வந்தது. கை எழுதியதே தவிர, மனம் அதைக் கவனிக்கவில்லை. பிறகு மீன் வாடையடிக்கும் ஒரு சீட்டு வந்தது. பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தும், எழுதியவன் தலைப்பிலேயே ‘சுகுமார், மீன், வீராம்பட்டினம்’ என்று முழு விலாசம் கொடுத்திருந்தான்.

“அட, மொதல் பாட்டு நாவல்மரம்!” என்று பிரிட்டோ தொடையில் தட்டினான். “ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு எழுதுனாப்பல கீதே!”

சுகுமார் காலைதோறும் வண்டியில் மீன் கொண்டுவந்து இந்தத் தெருக்களில் விற்பவன். கடலுக்குப் போவதை இளமையிலேயே விட்டுவிட்டு, சேதராப்பட்டில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். விஜயராணியும் மணத்துக்கு முன் அங்கேதான் வேலை பார்த்தாள். அவன் முதன்முதலில் இத்தெருவுக்கு வந்த அன்று, ‘எங்க கம்பெனியில பேக்கிங்ல இருந்தவரு’ என்று அவளே சொன்னாள். அன்று பாக்யராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தெருவில் மற்றப் பெண்களை ‘அக்கா’ என்பவன் அவளை மட்டும் ‘விஜயா’ என்கிறான். தராசுத் தட்டு தாழ்ந்த பிறகும் அவள் பங்கில் ஒரு மீன் கூடுதலாக விழுகிறது. அவன் ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கிறாள். அப்படி அவள் தன்னிடம் சிரித்தது எப்போது என்று எண்ணிப் பார்த்தான், நினைவுக்கு வரவில்லை.

“இந்தச் சீட்டு செல்லாது” என்றான்.

“ஏன்?”

“வெளியூரு.”

ஆதிமூலம் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். “ஒம்போது வருசமா இல்லாத சட்டம் இன்னிக்கு எங்கேர்ந்துப்பா வந்துச்சு? நானே வெளியூருதான். எஞ்சீட்டையும் எடுத்துப் போடு.”

“உங்க செட்டு இல்லன்னா இந்த மன்றமே இல்ல அண்ணே. நீங்க வேற.”

“மீனு இல்லன்னா மட்டும் உங்க வூட்ல கொழம்பு கொதிக்குமா?”

“நான்தான நடுவரு? செல்லாதுன்னா செல்லாது.”

அவன் குரல் உயர்ந்ததைக் கண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பாட்டுக்காக இவ்வளவு சூடா என்பது போன்ற பார்வை. பாக்யராஜ் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கூட்டி முடித்தபோது இருபதாவது பாட்டுக்குப் பதினாறு மார்க்கு இருந்தது. நாவல்மரப் பாட்டுக்குப் பதின்மூன்று.

மறுநாள் பிற்பகல் விஜயராணி பொங்கலுக்கு எடுத்த அரக்குப் புடவையை உடுத்திக்கொண்டு மன்றத்துக்கு வந்தாள். எந்த ஆண்டும் வராதவள், முன்வரிசையின் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாக்யராஜ் ஒலிவாங்கியைப் பிடித்து, இருபதாவது பாட்டின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினான். வாய் வரலாற்றைச் சொல்லிற்று; கண் அவள்மேல் இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் அவன் சொல்லும்போது அவள் சற்றே முன்னால் சாய்ந்தாள். பாட்டு தொடங்கியதும் பின்னால் சாய்ந்துகொண்டாள். பதினைந்து, பத்து, ஏழு. குத்துப் பாட்டுக்கு ஊரே எழுந்து ஆடிற்று. ஆதிமூலம் அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தன் பாட்டு இருபதாவதாக வராததை, அது இன்னும் மேலே போயிருக்கிறது என்பதன் அடையாளமாக அவள் எடுத்துக்கொண்டாள் என்பது அவனுக்குப் புரிந்தது. மூன்றாவது பாட்டு வரையில் அந்த நம்பிக்கை அவள் முகத்தில் இருந்தது. தனக்காக இந்த முகம் என்றாவது இப்படிக் காத்திருந்ததா என்று எண்ணியபடியே அடுத்த எண்ணைச் சொன்னான். படகுப் பாட்டு முதலிடம் பெற்றது. கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

கூட்டம் கலைகையில் சுகுமார் வண்டியில் சாய்ந்தபடி, “இன்னா அண்ணே, நம்ம பாட்டு இருவதுல கூட இல்லியா?” என்று கேட்டான்.

‘நம்ம’ என்ற சொல் பாக்யராஜின் விலாவில் இறங்கிற்று. “ஜனம் போட்ட மார்க்கு” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வீட்டில் அவள் தேநீரை வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

“இருவதாவதா கூட வரலியா?”

“எது?”

“நான் எழுதுனது. என் கையெழுத்து உனக்குத் தெரியாதா இன்னா?”

அவன் தம்ளரைத் தொடவில்லை. “யாரு நெனப்புல எழுதுன?”

விஜயராணி அவனைப் பார்த்தாள். சினம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. அலுப்பைப் போன்ற ஏதோ ஒன்று வந்து, பிறகு அதுவும் போய்விட்டது. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“கம்பெனி பஸ்ஸுல ஒரே கேசட்டுதான். ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு ஏறுனா, நாலாவதா அந்தப் பாட்டு வரும். அந்தக் கொழலு ஊதறப்பவே எனக்குக் கண்ணு சொருவும். மொத சரணம் முடியறதுக்குள்ள தூங்கிடுவேன். முழுசா நான் கேட்டதே இல்ல.”

“முழுசா கேக்காத பாட்டுக்கா மொத எடம்?”

“ஆமா. கம்பெனியில சூப்பர்வைசரு கேப்பான். வூட்டுக்குப் போனா எங்கம்மா கேக்கும், தம்பிங்க கேப்பானுங்க, ஆடு மாடு கூட கேக்கும். இங்க வந்தா நீ. அந்த பஸ்ஸுல, அந்தக் கொஞ்ச நேரந்தான் என்ன யாரும் ஒண்ணும் கேக்காம வுட்டாங்க.”

“படகுப் பாட்டு?”

“நல்லாத்தான் கீது” என்றாள். “ஆனா அது ஓடறப்ப நீ கேட்டுக்கினே இருப்ப. வயலின் வந்துச்சு பாத்தியா, மூச்சு வுட்டாரு பாத்தியான்னு. பரிச்ச எழுதறாப்பல இருக்கும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருந்தும் நாக்கு அடங்கவில்லை. “சுகுமாரும் அதையேதான் எழுதிக்கிறான்.”

“எழுதட்டும். அவனும் அந்த பஸ்ஸுதான? ஆம்பளைங்க நின்னுகினு வருவாங்க. நாங்க ஒக்காந்துகினு தூங்குவோம்.”

அவள் எழுந்து போய்விட்டாள். நடுவரிகளில் அந்தப் பாட்டை எழுதியிருந்த மற்றச் சீட்டுகள் பாக்யராஜுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போன பெண்கள் இன்னும் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அது ஒரு பேருந்து முழுவதற்குமான பாட்டு. அந்த விளக்கம் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று மாலை முழுவதும் ‘நின்னுகினு’ என்ற ஒரே ஒரு சொல் அவனைக் குடைந்தது. நின்றுகொண்டு வருபவன் எங்கே பார்ப்பான்? கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குக் கீழே, குழல் ஊத ஊத, அவள் முகம் தளர்ந்து உறக்கத்துள் இறங்கியிருக்கும். பாட்டின் மிச்சத்தை அவள் கேட்டதில்லை; சுகுமார் கேட்டிருப்பான். மணமான இருபத்தொரு ஆண்டுகளில் தான் அந்த முகத்தை அவ்வாறு ஒருமுறையேனும் பார்த்ததுண்டா? அவளுக்கு முன்பே தான் உறங்கிவிடுவதும், தனக்கு முன்பே அவள் எழுந்துவிடுவதுமாக நாள்கள் போயிருந்தன. பேருந்தில் கிழிந்த உறைபோட்ட ஓர் இருக்கைமேல் ஒரு மனிதன் பொறாமைப்படக்கூடும் என்பது அவன் அறிந்திராத செய்தி.

மறுநாள் காலை, சுகுமாரின் சீட்டு அதே சட்டைப் பையில் கிடந்தது. துணியிலும் வாடை ஏறியிருந்தது. பாக்யராஜ் கடைக்குப் போகவில்லை. விஜயராணி வாசல் வேலையை முடித்துவிட்டு, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தபோது, கைப்பேசியில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து, ஒலியைக் குறைத்து, அவளருகில் தரையில் வைத்தான்.

புல்லாங்குழல் தொடங்கிற்று. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் அவள் தலை சுவரில் சாய்ந்தது. இமைகள் மூடின. வாயோரத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்து, கன்னம் சற்றே இறங்கிற்று. அவனுக்குத் தெரியாத ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். உறங்குகிறாளா, கண்ணை மூடிக்கொண்டு எதையேனும் பார்க்கிறாளா என்பதை அவனால் கண்டுகொள்ள முடியவில்லை. நீட்டிய காலின் பெருவிரல் மட்டும் மெல்ல அசைவதுபோல் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

முதல் சரணம் முடிந்தது. தெருக்கோடியில் மீன் வண்டியின் ரப்பர் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.

பாக்யராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் இமைகளையே பார்த்திருந்தான். ஹாரன் ஒவ்வொரு வீடாக நின்று நின்று நெருங்கி வந்தது. பாட்டில் இன்னும் ஒரு சரணம் மிச்சம் இருந்தது.