கூப்பிட்டால் நிற்கும் சைக்கிள்

ஜாவாவில் பாராகான் ஊரில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் ஹண்டோகோவின் சைக்கிள், யாராவது 'மாம்பிர்' என்று கூப்பிட்டுவிட்டால், அவர் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து எழுந்து வரும்வரை ஓர் அங்குலம் நகராது. பிரேக்கில் கோளாறு இல்லை, செயினும் சிக்கவில்லை. மூன்று பட்டறைகளில் பிரித்துப் பார்த்தாயிற்று. மாம்பிர் என்றால் 'உள்ளே வந்துட்டுப் போங்க' என்று அர்த்தம். வாசலில் நிற்பவர் தெருவில் போகிறவரைப் பார்த்து அதைச் சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை. போகிறவர் 'கப்பான் கப்பான்', அதாவது இன்னொரு நாள் பார்க்கலாம், என்று சிரித்துக்கொண்டே நகராமல் நிஜமாகவே உள்ளே நுழைந்துவிட்டால் அதைவிட மரியாதைக் கேடு வேறில்லை. இது பேச்சுக்குச் சொல்வது என்று ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சைக்கிளுக்குத் தெரியவில்லை.

அந்த சைக்கிளைத் தேர்ந்தெடுக்க ஹண்டோகோவுக்கு ஒன்பது வருஷம் ஆனது. கூடப் படித்த பார்ஜோவும் அவரும் ஜாவாவின் கிழக்குக் கோடிவரை, பன்யுவாங்கி கடற்கரைவரை, சைக்கிளில் போவதென்று பள்ளிக்கூடக் காலத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். பார்ஜோ புகையிலை அரிகிறவர். கத்தியை ஓங்கினால் இலை விழுந்தாக வேண்டும், நடுவில் யோசிக்கக் கூடாது என்கிற ஜாதி. ஹண்டோகோ அப்படியில்லை. தினமும் மீட்டர் பார்க்கப் போகவும் வேண்டும், வரப்பில் ஏறவும் வேண்டும், சும்பிங் மலைச் சரிவில் மூச்சு வாங்காமல் மிதிக்கவும் வேண்டும், பத்து நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓடவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி. அலுமினியச் சட்டம் இலேசு, ஆனால் வழியில் விரிசல் விட்டால் பற்றவைக்க ஆள் கிடைக்காது. இரும்பு கனம், ஆனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒட்டித் தருவான். டிஸ்க் பிரேக் மழையில் பிடிக்கும், ரப்பர் கட்டை பிரேக் சந்தையில் கிடைக்கும். முள் முள்ளாக இருக்கும் டயர் சேற்றில் நிற்கும், தாரில் இரைந்துகொண்டே இழுக்கும். இப்படி மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினார். அவர் மனைவி எண்டாங், "என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அரை மணி நேரத்துல சரின்னு தலையாட்டின மனுஷன். சைக்கிளுக்கு ஒம்போது வருஷம். நான் கொடுத்து வச்சவதான்!" என்று கிணற்றடியில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பாள். பார்ஜோ முதல் வருஷமே கடைத்தெருவில் ஒரு பச்சை இரும்பு வண்டியைக் காட்டி, "ரெண்டு சக்கரமும் சுத்துதா? அப்போ அது பன்யுவாங்கி போகும்டா. எடுடா" என்றார். ஹண்டோகோ எடுக்கவில்லை.

இதற்குள் பார்ஜோ மனைவியின் ஊரான கலிரேஜோவுக்குக் குடி போனார். சாலைப் பிரிவிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், முழுக்க ஏற்றம், பாதிக்கு மேல் கல் ரோடு. சந்தையில் பார்க்கும்போதெல்லாம் "மாம்பிர்டா" என்பார். பார்ஜோ அதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது ஹண்டோகோவுக்குத் தெரியும், ஆனாலும் ஊர் வழக்கப்படி "கப்பான் கப்பான்" என்பார். என் பழைய வண்டி அந்த ஏற்றம் ஏறாது, புதுசு வாங்கினதும் முதல் சவாரி உன் வீட்டுக்குத்தான் என்பார். அரை மணிக்கொரு மினிபஸ் கலிரேஜோவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. பார்ஜோவுக்குச் சிறுநீரகம் கெட்டு, சந்தைக்கு வருவதும் நின்றது. மாம்பிர் என்பது போனில் எழுத்தாக வர ஆரம்பித்தது. மொத்தம் பதினோரு தடவை வந்தது. கடைசித் தடவை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜாவாவின் ஐந்து நாள் சந்தைக் கணக்கில் பாஹிங் நாள், ஹண்டோகோ சைக்கிள் கடையில் இரண்டு டயர்களைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மாம்பிர். கொஞ்ச நேரம் போதும்' என்று இருந்தது. 'கப்பான் கப்பான். புது வண்டியில வரேன், வாசல்ல மணி அடிக்கிறேன்' என்று இடது கையால் எழுதி அனுப்பிவிட்டு மறுபடி டயரை அழுத்தினார். அன்று மத்தியானம் பார்ஜோ போய்விட்டார்.

அடக்கத்துக்கு மினிபஸ்ஸில் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, பார்ஜோவின் மனைவி முர்னியாதியின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார். இறந்தவருக்காக வைக்கும் மூன்றாம் நாள் விருந்துக்குப் போகவில்லை, ஏழாம் நாளுக்கும் போகவில்லை. அந்தச் செய்தியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செவ்வாயிலிருந்து அவர் வலது கட்டை விரலில் புது ரப்பர் வாசனை அடித்தது. எலுமிச்சை தேய்த்தார், சாம்பல் தேய்த்தார். சோற்றில் கை வைத்தால் சோற்றிலும் அதே வாசனை அடித்தது. எண்டாங் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். நாற்பதாம் நாள் விருந்துக்கும் போகாமல் வீட்டில் கிடந்தவர், நாற்பத்தோராம் நாள் காலை எழுந்து கடைக்குப் போய், உத்தரத்தில் ஒன்பது வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த பச்சை வண்டியை இறக்கச் சொன்னார். இரும்புச் சட்டம், இரண்டு அங்குல டயர், ரப்பர் கட்டை பிரேக், பின்னால் கேரியர். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடைக்காரர், "நோட்டுப் புஸ்தகம் கொண்டாரலியா, அண்ணே?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், ஹண்டோகோவுக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் நாளே வண்டி தன் குணத்தைக் காட்டியது. வறுவல் விற்கும் துகினெம் வாசலில் நின்றுகொண்டு வழக்கம்போல மாம்பிர் என்றாள், இவர் வழக்கம்போல கப்பான் கப்பான் என்றார், வண்டி நின்றது. இறங்கித் தள்ளினார், தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போனார். "ஐயையோ, நிஜமாவே வந்துட்டாரே! வீட்டுல சீனி ஒரு பொட்டு இல்லையே" என்று துகினெம் பின்பக்கமாக ஓடிக் கடன் வாங்கி டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்ததும் வண்டி தானே உருண்டது. ஒரு மாதத்தில் ஊருக்கே தெரிந்துபோனது. ஹண்டோகோ சராசரியாக ஒரு நாளைக்குப் பதினான்கு டீ குடித்தார். அவர் மணிச் சத்தம் கேட்டதும் சில வீடுகளில் கதவு சாத்திக்கொண்டது. பல வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத சில வீடுகளில் வாசலுக்கே வந்து உரக்கக் கூப்பிட்டார்கள். தண்ணீர் அலுவலகம் அவருக்கு மட்டும் தினம் மூன்று மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிச் சுற்றறிக்கை போட்டது. அவர் உட்கார்ந்துபோன இடங்களில் இரண்டு வரப்புச் சண்டை தீர்ந்தது, ஒரு கல்யாணம் நிச்சயமானது. நல்ல மனுஷன், கூப்பிட்ட குரலுக்கு வருகிறான் என்று ஊர் மெச்சியது. ஒவ்வொரு மெச்சலும் ஹண்டோகோவுக்கு வெந்த புண்ணில் வேலாக இருந்தது. கலிரேஜோ பக்கத்து மீட்டர்களை அவர் சக ஊழியரிடம் தள்ளிவிட்டு, அந்தச் சாலைப் பிரிவு வழியே போகாமல் ஆற்றோரமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

பார்ஜோ போய்ப் பதினான்காம் மாதம் ஆற்றுப் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். பிரிவு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே வாசலும் இல்லை, வீடும் இல்லை, கூப்பிட ஒரு ஈ காக்கை இல்லை. வண்டி நடு ரோட்டில் நின்று, ஹேண்டில் பாரைத் தானாக மலைப்பக்கம் திருப்பிக்கொண்டது. ஹண்டோகோவுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அதை அங்கேயே விட்டுவிட்டு மினிபஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஒன்பது நாள் வண்டி அங்கே நின்றது. புகையிலை மூட்டை தூக்கும் நாலு பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. லாரிகள் ஒதுங்கிப் போயின; போலீஸ் நான்கு பக்கமும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டியது. கோழையாக இருக்கிறோமே என்று ஹண்டோகோவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. முர்னியாதி அந்தப் போனை வைத்திருப்பாள், அந்தப் பதிலைப் படித்திருப்பாள். பத்தாம் நாள் எண்டாங், "வண்டிக்கு இருக்கிற ரோஷம்கூட உங்களுக்கு இல்லியா?" என்றாள். செய்தி விஷயம் அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் அவர் எழுந்து போனார்.

ஏறி உட்கார்ந்ததும் வண்டி நகர்ந்தது. சின்னப் பல் சக்கரத்தில் போட்டு மிதித்தார். மூங்கில் தட்டுகளில் காயும் புகையிலையைத் தாண்டி, தார் முடிந்து கல் ரோடு வந்தது. டயர் வழுக்கவில்லை, சட்டம் முனகவில்லை. ஒன்பது வருஷம் சந்தேகப்பட்ட ஏற்றம், ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தபோது வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்தி வாந்தி எடுத்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி மிதித்தார். பார்ஜோவின் வீட்டுக்குப் பத்தடி முன்னால் வண்டி மறுபடி நின்றது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மணியை அடித்தார்.

முர்னியாதி வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"மாம்பிர், மாஸ் ஹண்டோகோ" என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

கப்பான் கப்பான் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு உள்ளே போனார். மேஜைமேல் மூடி போட்ட கண்ணாடிக் குவளை ஒன்று இருந்தது. உட்காரும் முன்பே, "அன்னிக்கு நான் டயர் பாத்துட்டிருந்தேன். டயர், முர்னி. மினிபஸ் இருந்துச்சு. ஏறியிருக்கலாம்" என்றார்.

"தெரியும். பதிலைப் படிச்சுக் காட்டச் சொன்னாரு. அவரால கண்ணு தெறக்க முடியல. நான் இருக்கிறதப் படிக்கல. 'கெளம்பிட்டாராம், வந்துட்டிருக்காராம், மணி அடிப்பாராம்'னு சொல்லிட்டேன்." மேஜை விளிம்பைக் கையால் துடைத்தாள். "அப்புறம் மூணு மணி நேரம் வாசப் பக்கமே காதக் குடுத்துட்டுக் கெடந்தாரு. ஐஸ் வண்டி மணி கேட்டப்போகூட, 'அவனா'ன்னாரு. பொய் சொன்னவ நான்தான். நானும்தான் தூங்கல."

"என்னை மன்னிச்சிடு."

"அதெல்லாம் எங்கிட்ட இல்ல, மாஸ். உங்களுக்கு டீ போடச் சொன்னாரு, போட்டேன். அதான் இருக்கு."

மூடியை எடுத்தாள். ஆவி வந்தது. பதினான்கு மாதத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை போட்ட டீ அது. தினமும் மேஜை துடைக்கும்போது குவளையை நகர்த்துவாளாம், ஒவ்வொரு நாளும் கை சுடுமாம். ஹண்டோகோ நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாள் ஆறல" என்றாள் முர்னியாதி. "இப்பதான் நீங்க வந்துட்டீங்களே, இனிமே ஆறிடும். குடிங்க."

குடித்தார். நாக்கு பொத்துப்போனது. பார்ஜோவுக்குப் பிடித்த மாதிரி சீனி தூக்கலாக இருந்தது. அழுது முடிக்க வெகுநேரம் ஆனது. முர்னியாதி அதுவரை தெம்பே என்கிற சோயா வில்லைகளை வறுத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடும்போது விரலை முகர்ந்து பார்த்தார். ரப்பர் வாசனை பாதி போயிருந்தது. மிச்சப் பாதி இன்றுவரை இருக்கிறது, அவரும் அதைத் தேய்ப்பதை விட்டுவிட்டார்.

புகையிலை அறுவடை முடிந்ததும் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிழக்கே கிளம்பினார். பத்து நாள் பயணம் என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டிருந்தார். இது இரண்டாவது வருஷம், இன்னும் வழியிலுள்ள ங்காவி ஊரைத் தாண்டவில்லை. அதுவரை பஸ்ஸில் போனால் ஒரு பகல்கூட ஆகாது. வழிநெடுக வீடுகள், வீட்டுக்கு வீடு மாம்பிர். எண்டாங் மாதம் ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, துவைத்த துணியும் புது பிரேக் கட்டையும் கொடுத்துவிட்டு வருகிறாள். கேரியரில் மூட்டை எதுவும் இல்லாதபோதும் பின் டயர் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருக்கிறது என்றும், அதற்குத் தகுந்தபடி காற்று அடிப்பதாகவும் சொல்கிறாள். நுழைகிற வீடுகளில் யாரும் சொல்லாமலே இரண்டு குவளை வைக்கிறார்கள். இரண்டும் காலியாகித்தான் அடுப்படிக்குத் திரும்புகின்றன. கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.