மெருகு

நுழைவுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தவரே உள்ளே வந்து விளக்கையும் போட்டார். காவலாளி, தச்சர், வழிகாட்டி எல்லாம் அவர் ஒருவர்தான். பழைய தானியக் கிடங்கை அறை அறையாகத் தடுத்து நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் கிடந்தால் எடைக்குப் போடச் சொல்கிற சாமான்தான். இங்கே வந்ததும் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று எழுதிப் போட்டு, ஏக மரியாதை.

புருஷனோடு வந்திருந்த தையற்காரிக்குக் கலப்பையும் வேண்டாம், நெல் அளக்கிற மரக்காலும் வேண்டாம். அவள் பார்க்க வந்தது ஒரே ஒரு நடைவண்டியை. புருஷன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக உருண்ட வண்டி. அவள் பிள்ளை அதைத் தள்ளி நடந்ததைவிடக் கடித்ததுதான் அதிகம். பல் முளைக்கிற ஊறல். கைப்பிடிக் கட்டையின் இடது ஓரத்தில் கீழ்ப்பல் இரண்டும் பதிந்து குழி விழுந்திருந்தது. அடுத்த பல் வருவதற்குள் காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

அக்கா வீட்டில் சில காலம் கிடந்துவிட்டு அவள் திரும்பியபோது பரண் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. தொட்டில், துணிமணி, எல்லாவற்றையும் புருஷன் கொடுத்துவிட்டிருந்தான்.

"நீ பாத்துப் பாத்து அழுவேன்னுதான்..." என்றான்.

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அவன் செய்த காரியம். அவள் கத்தவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். மழைக்காலம் முழுக்க ஒரே கூரையின் கீழ் ஊமைக் குடித்தனம். நேற்றுதான், நடைவண்டி மட்டும் இங்கே இருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். போட்டோ இருந்தது; போட்டோவில் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு குழியில் ஒரு தடவை விரலை வைத்துவிட்டால் போதும், பிறகு எப்படியாவது இருந்துவிடலாம் என்று அவள் விடிய விடிய நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி அறையில் ஜன்னலோரமாக நின்றது. பளபளவென்று நின்றது. பக்கத்து அட்டையில், 'குழந்தைகள் நடை பழகிய வண்டி. காலம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

"தொடக் கூடாதும்மா" என்ற காவலாளி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். "சரி, யாரும் வரல. தொட்டுப் பாருங்க."

துணியின் மறுபக்கத்துத் தையலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லிவிடுகிற விரல்கள். இடது ஓரத்தைத் தடவினாள். பக்கம் மாறிவிட்டதோ என்று வலது ஓரத்தைத் தடவினாள். மறுபடி இடது. கண்ணாடி மாதிரி வழுக்கியது.

"வந்தப்போ ரொம்ப மோசமா இருந்துச்சும்மா" என்றார் காவலாளி, பெருமை தாங்காமல். "எலி கடிச்ச மாதிரி ஓரத்துல குழி. நானே உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சேன். இப்ப பாருங்க, புதுசு கணக்கா இருக்கு."

பிள்ளை இன்னொரு தரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

புருஷன் சட்டென்று மண்டியிட்டுக் கட்டையின் அடிப்பக்கத்தைத் தடவ ஆரம்பித்தான். "அடியில விட்டிருப்பாரு... இங்கதான் இருக்கும்... இரு..." என்று முனகிக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனான். திரும்ப வந்தான். அவளுக்குப் பாவமாக இருந்தது; ஆனால் அந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

காவலாளிக்குக் கலவரமாகிவிட்டது. "ஏங்க, ஆணி கீணி குத்திடுச்சா?"

புருஷன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே. நல்லா தேய்ச்சிருக்கீங்க."

பிறகு புருஷனிடம், "எந்திரிங்க, போலாம்" என்றாள். இத்தனை நாள் கழித்து அவனிடம் பேசியது அதுதான். தேடிப் பார்த்தாள், கோபம்கூட மிச்சமில்லை.

அறை வாசலைத் தாண்டும்போது திரும்பினாள். காவலாளி கயிற்றைக் கட்டி முடித்திருந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, கட்டையின் இடது ஓரத்தில் வாயால் ஒரு தரம் ஊதி, அவள் விரல் பட்ட அடையாளத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.