அம்மாபிள்ளை எழுதிய பக்கங்கள்

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் என்று அவள் அறைக் கதவில் பலகை இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நாட்டில் கொஞ்சம் பேர் மட்டுமே பேசுகிற மொழி அவர்களுடையது. அந்த மொழியில் உலகத்தை எல்லாம் எழுதி வைத்துவிட வேண்டும் என்று அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ ஆசைப்பட்டு ஆரம்பித்த வேலை அது. அவள் கைக்கு வந்தபோது எட்டாம் தொகுதியோடு நொண்டிக்கொண்டு நின்றது.

அச்சை விட்டுவிட்டு இணையத்துக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான். அச்சில் விழுந்த பிழை விழுந்ததுதான். மூன்றாம் தொகுதியில் நாரைக்குக் கீழே கொக்கின் படம் போய்விட்டது. திருத்த வேண்டுமானால் மறுபதிப்பு வரவேண்டும்; அது அவள் ஆயுளில் வருகிற வழியாக இல்லை. நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிற புத்தகம் யாருக்கு என்று அவள் வாரியக் கூட்டத்தில் கேட்டாள். இனி யார் வேண்டுமானாலும் எழுதட்டும், யார் வேண்டுமானாலும் திருத்தட்டும் என்றாள். கலைக்களஞ்சியத்துக்குப் படம் வரைகிறவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"எல்லாரும் எழுதுவாங்க, சரி. யாரு படிச்சுப் பாக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பழைய தொகுதிகளைக் கணினிக்குள் ஏற்றுவதே பெரும் பாடாக இருந்தது. அவர்கள் எழுத்துகளுக்கு அடியில் புள்ளிகள் உண்டு. பக்கங்களை ஸ்கேன் செய்கிற எந்திரம் அந்தப் புள்ளிகளைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. புள்ளி போனால் அவர்கள் மொழியில் மணமகள் மண்வெட்டியாகிவிடுவாள். கடைசியில் எட்டுத் தொகுதிகளையும் ஆள் வைத்துத் தட்டச்சு செய்தார்கள். தளம் திறந்த அன்று இயக்குநர் நீளமாகப் பேசினார். அதற்குப் பிறகு கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டிய கதைதான். ஒரு பல் மருத்துவர் வந்து பற்களைப் பற்றி ஆசையாக எழுதத் தொடங்கி, கடைவாய்ப் பல்லுக்கு வருமுன் காணாமல் போனார். இன்னொருவர் தன் மாமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அந்த மாமா உலகத்துக்கு என்ன செய்தார் என்பது மட்டும் அதில் இல்லை. வீட்டில் சண்டை போட எல்லோருக்கும் தாய்மொழி வந்தது. உட்கார்ந்து எழுதினால் பள்ளியில் படித்த பெரிய மொழிதான் வந்தது.

அப்போதுதான் அம்மாபிள்ளை வந்தார். அது அவர் தளத்தில் வைத்துக்கொண்ட பெயர். ஆறுகள், அரசர்கள், நோய்கள், நட்சத்திரங்கள் என்று நாள் தவறாமல் எழுதினார். கட்டுரைகள் மளமளவென்று பெருகின. ஒவ்வொரு கூட்டத்திலும் இயக்குநர் எண்ணிக்கையைத் திரையில் காட்டினார். கோடு மேலே மேலே ஏறியது. நம்மைவிட மூன்று மடங்கு பெரிய மொழிகளையும் தாண்டிவிட்டோம் என்றார். பெரியக்கா அந்த ஆண்டு முழுக்க பழைய தொகுதிகளின் தட்டச்சைச் சரிபார்ப்பதிலேயே மூழ்கிக் கிடந்தாள். புதிதாக வருவதை நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்றிருந்தாள்.

பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு சும்மா படுத்திருக்க அவரால் முடியவில்லை. உங்கள் புத்தகத்திலிருந்து ஏதாவது வாசி என்றார். அவள் ஒரு பெரிய ஆற்றைப் பற்றிய கட்டுரையைத் திறந்து வாசித்தாள். ஆறு மலையில் பிறந்து, மூன்று நாடுகள் வழியாக ஒழுகி, கடலில் சொட்டுகிறது என்று இருந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆறா அது, நம்ம குளியலறைக் குழாயா?"

அவள் அடுத்ததைத் திறந்தாள். நாற்பது ஆண்டு நல்லாட்சி செய்த ஒரு மன்னர், மக்கள் கண்ணீர் வடிக்க, செத்துத் தொலைந்தார். கணவருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அவள் மேற்கொண்டு வாசிக்கவில்லை. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரை கட்டுரையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாம் அம்மாபிள்ளையின் கை. எழுதியவர் அகராதியைத் திறந்து கண்ணில் பட்ட சொல்லை எடுத்து, வேறு ஏதோ மொழியின் வரிசையில் அடுக்கியிருந்தார். சொற்கள் அத்தனையும் அவர்கள் மொழிதான். ஆனால் அவர்கள் மொழியை வாழ்க்கையில் ஒரு நாளும் பேசாத ஒருவர் எழுதியது.

திருத்தத் தொடங்கினாள். ஒரு கட்டுரையைத் திருத்தி நிமிர்வதற்குள் அவர் நான்கு எழுதியிருப்பார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே ஓடி வந்து நன்றி சொன்னார், அதையும் தப்பாக. கடைசியில் பேச வேண்டும் என்று கேட்டாள். அவர் அன்றைக்கே காணொளியில் வந்தார். தொலைதூர நாடு ஒன்றில் மருந்துக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். வழுக்கைத் தலை, எழுபது வயது இருக்கும். அழைப்புக்காக நல்ல சட்டை போட்டிருந்தது தெரிந்தது. இருவருக்கும் பொதுவான ஓர் அயல்மொழியில் பேசினார்கள். அம்மாவின் மொழி இது என்றார். பள்ளியில் பின்தங்கிவிடக் கூடாது என்று அம்மா அவரிடம் இதைப் பேசியதே இல்லையாம். அவர் வாழும் ஊரில் இந்த மொழி பேச ஒருவரும் இல்லை. காலையில் எழுந்தால் அகராதியும் கட்டுரையும்தான் வேலை என்றார். உங்களை எல்லோரும் பெரியக்கா என்கிறார்களே, நானும் அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டார். அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எதற்காக அழைத்தாளோ அதை அவளால் சொல்ல முடியவில்லை. புள்ளிகளைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருந்த ஒரு மாதமும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். மறுமுறை அழைத்தபோது தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லிவிட்டாள்.

"எல்லாமே தப்பா, பெரியக்கா?"

"எல்லாமும்னு இல்ல. ஆனா எங்க ஆளுங்க யாரும் இப்படிப் பேச மாட்டாங்க."

"சொல்லியிருக்கலாமே. இவ்ளோ நாளா யாருமே சொல்லலையே."

படித்துப் பார்க்க ஆள் இல்லை என்பதை அவள் எந்த மொழியில் சொல்வாள்? அவர் கோபப்படவில்லை. நான் எழுதியதை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அவள் இயக்குநரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அழித்தால் மிஞ்சுவது பழைய எட்டுத் தொகுதியும் பல் மருத்துவரின் பாதிக் கட்டுரையும் அந்த மாமாவும்தான் என்றார். அமைச்சகத்துக்கு அறிக்கை போய்விட்டது, பத்திரிகைகளில் வந்துவிட்டது.

"இப்ப அழிச்சா, இந்த மொழிக்கு ஒண்ணுமே இல்லன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும், பெரியக்கா. மெதுவாத் திருத்துங்க. யாரு வேணாம்னா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் கட்டிப்போட்டது. படம் வரைகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திருத்தினாள். அன்று வாரியக் கூட்டத்தில் கேட்டதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒருநாள் அவள் அக்கா மகள் உற்சாகமாக வீட்டுக்கு வந்தாள். மருத்துவமனையில் செவிலியாக இருந்தாள். முதல் முறையாக நம் மொழியில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள் சித்தி என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். நோயாளியோடு வருகிறவர்களுக்கான அறிவிப்பு. 'உங்கள் சீக்காளியைத் தனியே கழற்றிவிட வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. யார் எழுதியது என்று பெரியக்கா கேட்டாள். யாரும் எழுதவில்லை, மொழிபெயர்க்கிற செயலி போட்டுக் கொடுத்தது, இப்போதெல்லாம் அதற்கு நம் மொழியும் தெரியும் என்றாள் அக்கா மகள். அது எங்கே கற்றுக்கொண்டிருக்கும் என்று பெரியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இணையத்தில் அவர்கள் மொழியில் வேறு என்ன இருந்தது?

"தப்பாவா இருக்கு சித்தி? படிச்சா புரியுதே."

புரியத்தான் செய்தது. செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, அவர்கள் மொழியிலேயே. அதில் மூன்று பிழைகள்.

மழைக்காலத்தில் அம்மாபிள்ளை அழைத்தார். அவர் பேசி வெகு நாளாகியிருந்தது. உங்கள் வேலையைக் கெடுக்க மாட்டேன், ஒரே ஒரு சந்தேகம் என்றார். கடைசி நாட்களில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, பிற்பாடு கற்ற மொழி முழுக்க மறந்துவிட்டதாம். தாய்மொழி மட்டும் மிஞ்சியது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாராம். தண்ணீரா, போர்வையா, யாரையாவது பார்க்க வேண்டுமா என்று அவரும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினாராம். அம்மா தலையை ஆட்டி ஆட்டி அலுத்துப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

"அந்தச் சத்தம் காதுலயே இருக்கு. அகராதி முழுக்கத் தேடிட்டேன். நீங்க கேட்டா தெரியும்னு…"

சொன்னார். நான்கைந்து அசைகள். பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முன்பகுதி ஒரு கேள்வி போல இருந்தது. பின்பகுதி வினைச்சொல்லாக இருக்கலாம். அடியில் புள்ளி உள்ள எழுத்தா இல்லாத எழுத்தா என்பதைப் பொறுத்து அது 'திற'வாகவும் இருக்கலாம், 'பாடு'வாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒலிகள் அவர் நாக்குக்குப் பழக்கமில்லை. இத்தனை ஆண்டுகளில் அவர் காதே அதை எப்படி எப்படியோ மாற்றியும் வைத்திருக்கும். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் நம்பிவிடுவார். அதனாலேயே நாக்கு எழவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். மெதுவாகச் சொல்லச் சொன்னாள். மெதுவாகச் சொன்னபோது அது இன்னும் கலைந்தது. கணவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். அவரும் காதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்குத் தெரியலைங்க," என்றாள் பெரியக்கா.

அவர் பரவாயில்லை என்றார். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை. அவருடைய ஊரிலும் மழை போலிருக்கிறது. அவர் பின்னாலிருந்த ஜன்னல் நனைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே, அவர் அதை மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.