ஏழு மணி நேரத் தூரம்

இப்போதெல்லாம் யாரும் தூரத்தைத் தூரமாகச் சொல்வதில்லை. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் எத்தனை மணி நேரம் என்கிறார்கள். அதிலும் பாதி பொய். நாற்பது வருஷம் கோவேறு கழுதை பூட்டி வண்டி ஓட்டிய பூஷைபுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. செத்தாத் சந்தை முப்பது கிலோமீட்டர் என்றால் முப்பதுதான். அவசரம் என்பதற்காகக் குறைந்துவிடாது.

அன்று விடியற்காலையில் அவர் மனைவி மஹ்ஜூபா இறந்துபோனாள். ஒரே மகன் ஜவாத் கனடாவில், மொன்றியாலில் இருந்தான். தன்னை அவன்தான் குழிக்குள் இறக்க வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆறு மணிக்குப் போனில் அழுதுகொண்டே சொன்னான்:

“ஒம்பது மணிக்கு விமானம் பா. அஞ்சாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், ஏழே மணி நேரம். அம்மாவ வச்சிருங்க.”

பூஷைப் விரல்விட்டு எண்ணினார். ஒன்பதிலிருந்து ஏழு, நாலு மணி. காஸாபிளாங்கா விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மணி. ஐந்தேகாலுக்கு அஸர் தொழுகை. சரியாக இருந்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்கே எடுத்துவிடலாம் என்ற இமாம் துஹாமியிடம் அஸருக்குத்தான் என்று அடித்துச் சொன்னார்.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது.

“பா, ஏர்போர்ட்டுல இருக்கேன். இப்பதான் ஏறப் போறேன்.”

“இப்பதானா? இந்நேரம் பாதிக் கடல் தாண்டியிருக்கணுமேடா!”

“இங்க காலைல எட்டரைதான் பா. அங்கயும் இங்கயும் அஞ்சு மணி வித்தியாசம். ராத்திரி ஒம்பதுக்கு எறங்குறேன். காலைல அடக்கம் பண்ணலாம் பா, கெஞ்சிக் கேக்குறேன்.”

“தூங்கிட்டேன்னு சொல்லித் தொலையேன். எல்லாருக்கும் ஒரே சூரியன்தான், அத ஏன்டா இழுக்குற?”

போனை வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த இமாம், “காலை வரைக்கும் வச்சிருந்தா பாவமில்ல பூஷைப். புள்ள வரட்டுமே” என்றார்.

“எட்டு வருஷமா ஒவ்வொரு பெருநாளுக்கும் வர்றேன்னான். காலைல வேற மணி சொல்லுவான். குளிப்பாட்டியாச்சு, அஸருக்குத் தூக்குங்க.”

அஸர் தொழுது எடுத்தார்கள். எழுபத்தாறு வயது முழங்காலோடு பூஷைபே குழிக்குள் இறங்கினார். வலப்பக்கம் ஒருக்களித்து வைத்தபோது அவளிடம் எடையே இல்லை. கஃபன் துணியின் தலைப்பக்கத்து முடிச்சை அவிழ்க்க அவர் விரல்கள் நெடுநேரம் திணறின. யாரும் அவசரப்படுத்தவில்லை. மேலே ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

இடுகாட்டு வாசலில் காப்பிக்கடை மீலூதி தன் போனை நீட்டினான்.

“பெரியவரே, ஜவாத் வர்ற விமானம் இதுதான். நீலமா இருக்கே, அது கடல். இப்பதான் பாதி வந்திருக்கான். உங்க புள்ள பொய் சொல்லல.”

பூஷைப் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடிக்குள் மஞ்சள் பூச்சி ஒன்று ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. நகர்வதாகத் தெரியவில்லை.

“இதுக்குள்ள எம் மவன் இருக்கான்னு நீ பாத்தியா?”

மீலூதி போனை இழுத்துக்கொண்டான்.

“பாத்த மாதிரி பேசாத” என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.