வார்டு வீதியில் இரண்டாவது கோப்பை

முதல் துண்டைக் கடித்தபோது யசோதா தன்னை அறியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். கரை வெட்டிய வெள்ளைப் பாண், மெல்லிய வெண்ணெய்ப் பூச்சு, நடுவில் வெளிச்சம் தெரியும்படி சீவிய வெள்ளரிக்காய். நாக்கில் குளிர்ந்தது. சட்டென்று கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். பேக்கரியின் மேல்மாடியில், பெண்களுக்கென்று மறைப்புக் கட்டிய அந்த மூலையில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. மறைப்புக்கு அப்பால் இரண்டு தோட்டத்துத் துரைமார் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வந்தது ஒரு றாத்தல் பாண் வாங்க. அவ்வளவுதான்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து தினமும் காலையில் வாசலுக்கு வரும் பாண்காரன் அன்று வரவில்லை. மகாவலி பெருகி, பாலத்தடியில் தெரு தண்ணீருக்குள் போய்விட்டது என்றார்கள். முனிசிப்பல் கந்தோரில் கிளாக்கராக இருந்த அவளுடைய கணவர் சுந்தரலிங்கம் பாரிசவாதத்தில் விழுந்து பத்து மாதம். பேச்சு போய்விட்டது. சோறு தொண்டைக்குள் இறங்காது. பாணின் உள்பஞ்சை மட்டும் எப்படியோ விழுங்குவார்.

"பாண் வாங்கிக்கொண்டு உடனை வாறன்" என்று அவர் காதருகே குனிந்து சொன்னாள். இயங்கக்கூடிய இடது கை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நான் ஈக்கிறேன் அக்கா. ஓடி விழுந்திடாம மெல்லப் போய்ட்டு வாங்க" என்றாள் அடுத்த வீட்டு றம்ஸியா, கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டபடி.

கண்டிக்கு மணமகளாக வந்து பதினான்கு வருடங்களில் வார்டு வீதியில் யசோதா தனியாக நடந்தது அன்றுதான். பேக்கரிக்குள் நுழைந்ததும் வெண்ணெயும் சீனியும் கருகும் வாசனை முகத்தில் மோதியது. கண்ணாடிப் பெட்டிக்குள் பணிஸ், பற்றீஸ், வெள்ளைச் சீனி தூவிய பேஸ்ட்ரிகள். மேசைக்குப் பின்னால் நின்ற ஸெய்னுலாப்தீன், அங்கே நெடுங்காலம் வேலை செய்பவர், அவள் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் தொப்பியைச் சரிசெய்தார்.

"சுந்தரலிங்கம் ஐயாட வீட்டம்மாவா? பாண் இன்னும் போறணை அடுப்புக்குள்ளதான் ஈக்கிது. அரை மணித்தியாலம் செல்லும். தெருவில நிக்காம மேல போய் உக்காருங்கம்மா."

அவரே பின்னால் ஏறி வந்து கதிரையை இழுத்துவிட்டார்.

"ஐயா எப்பிடி ஈக்கிறாரு? சனிக்கிழமை தவறாம வருவாரு. அந்த ஜன்னலடியிலதான் ஈப்பாரு. வெள்ளரிக்கா சான்ட்விச், ஒரு பேஸ்ட்ரி, ஒரு பொட் தேத்தண்ணி. ஒரு நாளும் மாத்த மாட்டாரு."

"இவரோ?"

"ஓம்மா, வருசக்கணக்கா."

யசோதா ஜன்னலடி மேசையைப் பார்த்தாள். வெறும் பளிங்கு மேசை. கல்யாணமாகி வந்த புதிதில், ஒருநாள் இந்தக் கடையைக் காட்டி, உள்ளே போவோமா என்று அவள் கேட்டிருந்தாள். கடையில் இருந்து சாப்பிடுவது நல்ல குடும்பத்துப் பழக்கமில்லை என்று அவர் சொன்னார். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் கந்தோர் வேலை முடியப் பிந்துகிறது என்றுதான் நினைத்திருந்தாள். அவர் வரும்வரை சோற்றை மூடிவைத்துக்கொண்டு தானும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

"அதையே எனக்கும் தாருங்கோ" என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை.

அப்படித்தான் அந்தத் தட்டு வந்தது. மெல்லச் சாப்பிட்டாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக யாருக்கும் ஊட்டாமல், யாருடைய வாயையும் துடைக்காமல் சாப்பிட்டாள். பேஸ்ட்ரியின் சீனி விரலில் ஒட்டியது. விரலைச் சூப்பினாள். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. குடை பிடித்த மனிதர்கள் ஏரிப் பக்கம் போனார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அது நல்லதாகவும் இருந்தது, தனிமையாகவும் இருந்தது.

ஸெய்னுலாப்தீன் காகிதத்தில் சுற்றிய பாணைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கைவைக்க முடியாத சூடு.

"பாண் வந்திட்டுதும்மா."

எழுந்திருக்க வேண்டும். கதிரையின் கையைக்கூடப் பிடித்துவிட்டாள். பிறகு, இருக்கட்டுமே, என்று மனதுக்குள் ஒன்று சொன்னது. இத்தனை சனிக்கிழமைகள் நான் வழி பார்த்துக்கொண்டு இருந்தேன். இன்றைக்குக் கொஞ்சம் அவரும் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

"இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி தாருங்கோ" என்றாள்.

அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வீட்டு வாசல் படலையில் றம்ஸியா நின்றாள். முக்காட்டின் ஓரத்தை வாயில் கவ்வியிருந்தாள். அவள் அங்கே நின்றதே போதுமாக இருந்தது.

அவர் வாய் சற்றே திறந்தபடி கிடந்தார். இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. யசோதா அதை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தாள். இன்னும் குளிரவில்லை.

"எப்ப?"

"இப்பத்தான் அக்கா. பத்து நிமிசம் ஈக்காது. மூச்சு ஒரு மாதிரி இழுத்திச்சி. டொக்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வாறத்துக்குள்ள…"

"வாசலைப் பாத்தவரோ?"

றம்ஸியா தலையணையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அது.

"நித்திரை மாதிரியே போய்ட்டாரு அக்கா" என்றாள், அவள் முகத்தைப் பாராமல்.



யாழ்ப்பாணத்துக்குத் தந்தி போனது. மறுநாள் காலை ரயிலில் அவளுடைய மச்சாள், அவருடைய அக்கா, வந்து இறங்கினாள். வாசலிலேயே தலைமயிரை அவிழ்த்துவிட்டுக் கதறினாள். "என்ரை தம்பி! வாய்க்கு ஒரு துண்டு பாண் இல்லாமல் போனியே ராசா! மழைக்குள்ளை ஓடி, பாண் வேகுமட்டும் கால்கடுக்க நிண்டாளே உன்ரை பெண்சாதி!" றம்ஸியா சொன்னதை அவள் ஒப்பாரியாக்கினாள். கூடியிருந்த பெண்கள் யசோதாவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். கந்தோர்க்காரர் ஒருவரின் மனைவி அவள் தோளை அணைத்து, "உங்களப் போல பாத்தவங்க யாருமில்லை" என்று விம்மினாள். யசோதா தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அழுகை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நண்பகலில் ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு சுடலைக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். குளித்து வந்த யசோதாவின் ஈரத் தலையை, பின்னறையில் உட்காரவைத்து மச்சாள் துவட்டினாள். அந்தக் கைகள் பரபரப்பில்லாதவை. ஒரு கணம் அந்தக் கைகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

"மச்சாள்."

"என்ன பிள்ளை?"

"பாண் அப்பவே வந்திட்டுது."

துவட்டிய கை நின்றது.

"ஓம், நானும் கண்டனான்" என்றாள் மச்சாள். "கந்தோராக்கள் காலமையே கொண்டந்து வச்சிட்டினம், ஒரு கூடை நிறைய. நல்ல மனுசர். நீ நேத்தையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கேல்லை. இரு, ஒரு துண்டு கொண்டு வாறன்."

"அதில்லை மச்சாள்…"

ஆனால் அவள் எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து தடித்த ஒரு துண்டையும் கொஞ்சம் தேங்காய்ச் சம்பலையும் யசோதாவின் மடியில் வைத்து, "தின்" என்றாள். எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யசோதா பிய்த்து வாயில் வைத்தாள். காய்ந்திருந்தது. நெடுநேரம் மென்றாள்.

வெளியே பேச்சுக்குரல் கேட்டது. சுடலைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் வைத்திருந்த வாளித் தண்ணீரை அள்ளி, ஒவ்வொருவராகக் கால் கழுவினார்கள். கடைசியாக நின்றவர் தன் காலையும் கழுவிவிட்டு, வெறும் வாளியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.